இன்று எதையும் கற்கவில்லை

ஆற்றின் உயரத்தைப் பார்த்து எழுதுவது என் வேலை. கரையில் அளவு போட்ட கம்பம் ஒன்று நட்டிருக்கிறது. பக்கத்தில் எனக்கு ஒரு தகரக்கூரை அறை, ஒரு நாற்காலி, ஒரு தொலைபேசி. காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு என்று நாளைக்கு மூன்று முறை படியிறங்கிப் போய்ப் பார்த்து, நோட்டில் எழுதி, தலைமை அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். பதினோரு வருஷம் இதைச் செய்தேன். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை, வெட்கப்படவும் ஒன்றும் இல்லை. பார்க்காமல் எழுதியது மட்டும் ஒருநாளும் கிடையாது. அது போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போதாது என்பது ஒரு பகல் வேளையில் தெரிந்தது. அன்று பன்னிரண்டு மணிக்கே நான் நின்று பார்க்கும் படியில் தண்ணீர் கணுக்கால் அளவு ஏறியிருந்தது. வேரோடு பிடுங்கிய செடிகள் மிதந்து வந்தன. செடி வேரோடு வந்தால் மேலே எங்கோ கரை சரிந்துவிட்டது என்று அர்த்தம், அடுத்த நாள் பகலுக்குள் தண்ணீர் இரண்டு மடங்காகும். இதை நான் நாலு முறை பார்த்திருக்கிறேன். ஓடிப்போய் தலைமை அலுவலகத்தைக் கூப்பிட்டேன்.

"சார், தண்ணி ஏறுது. கீழ்த்தெருவுக்கு எச்சரிக்கை குடுங்க."

"யாரு சொல்றது?"

"அளவு பாக்கிறவ சார். தினமும் பேசுறவதான்."

"அது குரல்லயே தெரியுது. யாரு சொல்றதுன்னு கேட்டேன்."

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். தரவு அறிவியலில் பட்டம் வாங்கியவர் கையெழுத்துப் போட்டால்தான் எச்சரிக்கை செல்லும் என்று புது விதி வந்திருக்கிறதாம். ஆற்றைப் பார்ப்பவர் ஆற்றைப் பற்றிச் சொல்லக் கூடாது, பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டுமாம். நான் எத்தனை முறை கூப்பிட்டும் அதே பதில்தான். மறுநாள் பகல் கீழ்த்தெருவில் இடுப்பளவு தண்ணீர்.

கீழ்த்தெருவில் மூன்றாவது வீடு என் அக்கா வீடு. அக்கா தையல்காரி. வீட்டு முன்னறையில் அவளுடைய மெஷின், பதினாலு வாடிக்கைக்காரர்களின் துணி, அளவு நோட்டு எல்லாம் இருந்தன. மெஷினைத் தூக்கக்கூட நேரமில்லை. தண்ணீர் வடிந்த பிறகு நான் போனபோது அக்கா மெஷின் மோட்டாரைக் கழற்றி, சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ அங்கதானே இருந்த?"

"சொன்னேன் அக்கா. கேக்கல."

"ம்" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அந்த "ம்" ஆறு மாதம் என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. சரி, பட்டம்தானே வேண்டும், வாங்கித் தொலைக்கிறேன் என்று முப்பத்தெட்டாவது வயதில் இரண்டு வருஷம் படிப்பு விடுப்புப் போட்டேன். இரண்டு வருஷத்துக்குள் பட்டத்தோடு வந்தால் கையெழுத்து உரிமை உண்டு. வராவிட்டால் பழையபடி பார்த்து எழுதிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

பல்கலைக்கழகம் வேறொரு ஊரில், வேறொரு ஆற்றங்கரையில் இருந்தது. தரவு அறிவியல் ஆராய்ச்சிக் குழு என்று பித்தளைப் பலகை மாட்டிய கட்டடம். தரைத்தளத்தில் பெரிய கூடம், அதன் சுவரில் இரண்டு வரிசைப் புகைப்படங்கள். மேல் வரிசையில் "இணைந்தோர்", கீழ் வரிசையில் "பட்டம் பெற்றோர்". மேல் வரிசையில் எல்லோரும் விறைப்பாக நின்றார்கள், கீழ் வரிசையில் கறுப்பு அங்கி போட்டுச் சிரித்தார்கள்.

இணையும் விழா அன்று முதல் வேலையே புகைப்படம் எடுப்பதுதான். குழுவின் பட்டியல்களை எல்லாம் பராமரிக்கும் ஒரு பெண்மணி இருந்தார், பட்டியல் மேடம் என்று பெயர். அவர் என்னை விறைப்பாக நிற்கவைத்து ஒரு படம் எடுத்தார். பிறகு அங்கியை மாட்டிவிட்டு, "சிரிங்க" என்றார்.

"இது எதுக்கு மேடம்?"

"பட்டம் வாங்கின படம்."

"இன்னிக்குத்தானே சேர்றேன்?"

"இன்னிக்கே எடுத்துடுவோம். அப்புறமா எடுத்தா யார் முகமும் சரியா வர்றதில்ல."

சிரித்தேன். வேறென்ன செய்வது.

அன்று சேர்ந்தவர்கள் பத்துப் பேர். குழுத் தலைவர் மேடையேறினார். நல்ல உயரம், நல்ல குரல், பேசும்போது தன் குரலைத் தானே கேட்டு ரசிப்பவர்.

"கம்ப்யூட்டருக்கு நாங்க பாடம் சொல்லித் தரும்போது கையில இருக்கிற தரவு எல்லாத்தையும் காட்டிட மாட்டோம்," என்று தொடங்கினார். "எண்பது சதவீதத்தைக் காட்டிப் பழக்குவோம். மீதி இருபதை ஒளிச்சு வைப்போம். கடைசியில அந்த இருபதை வச்சுத்தான் சோதிப்போம். இது எங்க துறையோட நேர்மை. இந்த நேர்மையை மனுஷங்ககிட்ட மட்டும் ஏன் காட்டக் கூடாதுன்னு பதினஞ்சு வருஷம் முன்னாடி எனக்குத் தோணிச்சு."

கூடமே கை தட்டியது. அவர் ஒரு பொத்தானை அமுக்கினார். கம்ப்யூட்டர் எங்களைக் குலுக்கிப் போட்டது. எட்டுப் பேருக்குப் பச்சை நாடா. அவர்கள் பயிற்சிப் பிரிவு. இரண்டு பேருக்கு மஞ்சள் நாடா, சோதனைப் பிரிவு. மஞ்சளில் ஒன்று என் கழுத்தில் விழுந்தது. இன்னொன்று வாங்கிய ஆள் தலைவர் பேசி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, அன்று சாயங்காலமே பையை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். அவரை நான் இன்றும் மதிக்கிறேன்.

எனக்குச் சந்தேகம் இருந்தது, கையைத் தூக்கினேன்.

"எனக்குப் பாடம் யாரு சார் எடுப்பாங்க?"

"யாரும் எடுக்கக் கூடாது," என்றார் தலைவர், மிகக் கனிவாக. "எடுத்தா நீங்க கெட்டுப்போயிடுவீங்க. ரெண்டு வருஷம் எதையும் கத்துக்காம, சுத்தமா, அப்படியே இருக்கணும். கடைசியில பச்சைக்காரங்க எழுதற அதே பரிட்சையை நீங்களும் எழுதுவீங்க. அப்பத்தான் எங்க கல்வி எப்படிப்பட்டதுன்னு உலகத்துக்குத் தெரியும்."

"கத்துக்காம எப்படி சார் எழுதறது?"

"அதைத்தான் நாங்களும் ஆர்வமா எதிர்பாக்கிறோம்."

இப்படியும் ஒரு இடம் இருக்குமா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன்.

சோதனைப் பிரிவின் அறை முதல் மாடியின் கடைசியில் இருந்தது. வகுப்பறைப் பக்கம் இருந்த ஜன்னலுக்குப் பழுப்புத் தாள் ஒட்டியிருந்தார்கள். ஆற்றுப் பக்கத்து ஜன்னல் திறந்தே இருந்தது, அந்தப் பக்கம் கற்க ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டார்கள். கரும்பலகை கிடையாது. நூலக அட்டை கொடுத்தார்கள், அதில் சமையல், தோட்டக்கலை, நாவல் ஆகிய மூன்று அலமாரிகளுக்கு மட்டும் அனுமதி. பச்சைக்காரர்கள் தேநீர் குடிப்பது பத்தரைக்கு, நாங்கள் பதினொன்றேகாலுக்கு. நடுவில் மேஜையைத் துடைப்பார்கள், யாராவது விரலால் சூத்திரம் எழுதியிருந்தால் என்ன ஆவது.

"நாங்கள்" என்றேன் அல்லவா. அந்த அறையில் எனக்கு முன்பே ஒருவர் இருந்தார். தலையில் பாதி நரை, கையில் தோட்டக்கலைப் புத்தகம். ஒன்பது வருஷமாக இருக்கிறாராம். அவரை மறதி சார் என்று கூப்பிட்டார்கள்.

"உங்களுக்கு மறதி அதிகமா சார்?"

"அப்படி இருந்தா இங்க ஏம்மா இருக்கப் போறேன்," என்றார் அவர்.

விஷயம் இதுதான். சேர்ந்த இரண்டாவது மாதம் அவர் குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் ஒரு விரிவுரையாளர் யாருக்கோ சத்தமாகச் சொல்லிவிட்டார்: எல்லாவற்றையும் கூட்டி, எத்தனை இருக்கிறதோ அதால் வகுத்தால் சராசரி. மறதி சார் நேர்மையான ஆள். கேட்டுவிட்டேன் என்று தானே போய்ச் சொன்னார். உடனே கசிவுத் தடுப்புக் குழு கூடியது. பாடம் கசிந்துவிட்டதால் அவர் அதை மறக்கும்வரை பரிட்சை கிடையாது என்று தீர்ப்பு.

"அது அஞ்சாம் வகுப்புலயே சொல்லித் தர்றாங்களே சார்?"

"நானும் சொன்னேன்மா. பள்ளிக்கூடத்துல கத்துக்கிட்டது உங்க சொந்த விஷயம், எங்க கட்டடத்துல கேட்டது எங்க விஷயம்னுட்டாங்க. ஆறு மாசத்துக்கு ஒரு தரம் கூப்பிட்டு, சராசரின்னா என்னன்னு மறந்துட்டீங்களான்னு கேப்பாங்க. அவங்க கேக்கிற வரைக்கும் மறந்துதான் இருப்பேன். கேட்ட உடனே ஞாபகம் வந்துடுது."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் எனக்கு இருப்பது இரண்டு வருஷம்.

தினமும் மாலை ஐந்து மணிக்குப் பட்டியல் மேடம் ஒரு படிவம் கொண்டுவருவார். "இன்று எதையும் கற்கவில்லை என உறுதி கூறுகிறேன்" என்று அச்சடித்திருக்கும். கீழே பெயர், கையெழுத்து, தேதி. முதல் மாதம் கை கூசியது. விடுப்புப் போட்டு, ஊரை விட்டு வந்து, வாடகை அறையில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டு, தினமும் ஐந்து மணிக்கு நான் ஒன்றும் கற்கவில்லை என்று எழுதிக்கொடுக்க வேண்டுமா. ஒருநாள் ஆத்திரம் தாங்காமல், "இன்று ஒன்று கற்றேன்: பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க" என்று எழுதிவிட்டேன். மறுநாளே கசிவுத் தடுப்புக் குழு கூடியது. யார் சொல்லித் தந்தது என்று இரண்டு மணி நேரம் விசாரித்தார்கள். நீங்கள்தான் என்று சொன்னால் வேலை கெட்டுவிடும் என்பதால், பிறவியிலேயே வந்தது என்றேன். எழுதிக்கொண்டார்கள்.

இரண்டாவது முறை விசாரணை வந்தது ஆற்றினால். கட்டடத்துக்குப் பின்னால் பாலம் இருந்தது, பாலத்தின் தூணில் அளவுக் கோடுகள் இருந்தன. பதினோரு வருஷப் பழக்கம் விடுமா. காலையில் வரும்போது பார்ப்பேன், ஜன்னல் வழியே பகலில் பார்ப்பேன், மாலையில் போகும்போது பார்ப்பேன். நோட்டில் எழுதுவேன். யாரோ ஒரு பச்சைக்காரர் அதைப் பார்த்துப் பட்டியல் மேடத்திடம் சொல்லிவிட்டார்.

கசிவுத் தடுப்புக் குழுவின் ஐந்து உறுப்பினர்களும் என் நோட்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தலைவரே வந்திருந்தார்.

"இது என்ன?"

"ஆத்தோட அளவு சார்."

"யாரு சொல்லித் தந்தாங்க?"

"யாரும் தரல. எட்டிப் பாத்தேன்."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் இது கல்வி என்றார், இன்னொருவர் இல்லை என்றார். கடைசியில் தலைவர் கையை உயர்த்தினார்.

"நான் ஆத்து வெள்ளத்தைப் பத்தி நாப்பத்தி ரெண்டு கட்டுரை எழுதியிருக்கேன். ஒரு தடவைகூட ஆத்தைப் பாத்தது கிடையாது. அந்த ஜன்னல் எந்தப் பக்கம் இருக்குன்னே இன்னிக்குத்தான் தெரியும். எங்க துறையில பாக்கிறது கல்வியில சேராது. அவங்க தாராளமா பாக்கட்டும்."

நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் செய்வது சட்டப்படி ஒன்றுமே இல்லை என்று ஆனது. எனக்கு அதில் நிம்மதியே.

வாரத்துக்கு ஒருமுறை அக்கா பேசுவாள். மெஷின் திரும்ப ஓடுகிறது, ஆனால் தையல் நடுநடுவே விட்டுப்போகிறது என்பாள். மாமா மாடிப்படி கட்டிவிட்டார், ஆனால் மெஷினைத் தினமும் மேலே தூக்க முடியாது, முன்னாடியே யாராவது சொன்னால்தான் உண்டு என்பாள். அந்த "யாராவது" நான்தான் என்று அவள் ஒருநாளும் சொல்லவில்லை. படிப்பு எப்படிப் போகிறது என்று கேட்டால், சுத்தமாகப் போகிறது என்பேன்.

இரண்டு வருஷம் முடிந்து பரிட்சை வந்தது. அதற்கு முந்தின வாரம் மறதி சாரைக் குழு கூப்பிட்டது. என்ன கேட்டாலும் தோட்டத்தைப் பற்றியே பேசுங்கள் சார் என்று நான் சொல்லியிருந்தேன். சராசரி என்றால் என்ன என்று கேட்டார்கள், ரோஜாவை எப்போது வெட்டிவிட வேண்டும் என்று அரை மணி நேரம் சொல்லியிருக்கிறார். சுத்தமாக மறந்துவிட்டார் என்று அனுமதி கொடுத்தார்கள். அறைக்குத் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். எனக்கும் கண் கலங்கியது. பதினோரு வருஷம் என்பது லேசான விஷயமா.

பரிட்சையில் ஒரே கேள்விதான். வெவ்வேறு ஆறுகளின் கரையில் இருக்கும் ஆறு அளவு நிலையங்களின் இருபது வருஷத் தரவைக் கட்டுக்கட்டாகக் கொடுத்து, இந்தப் பாலத்தடியில் நாளை பகல் பன்னிரண்டு மணிக்கு ஆறு எவ்வளவு உயரம் இருக்கும் என்று கேட்டிருந்தார்கள். ஆறில் ஒன்று என்னுடைய நிலையம். என் கையால் எழுதிய எண்களை அச்சில் பார்த்ததும் சொந்தக்காரர்களைப் பார்த்ததுபோல இருந்தது. ஆசையாகப் புரட்டினேன். கீழ்த்தெருவில் தண்ணீர் புகுந்த அந்த நாளைத் தேடினேன். முந்தின நாள் காலை இருந்தது. அதற்குப் பிறகு நேராக நாலு நாள் தள்ளிப் போயிருந்தது. நான் கணுக்கால் தண்ணீரில் நின்று பார்த்து எழுதியது, மறுநாள் படி தெரியாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பார்த்து எழுதியது, எதுவும் இல்லை.

மேற்பார்வைக்கு நின்ற பட்டியல் மேடத்தைக் கூப்பிட்டேன்.

"மேடம், இதுல நாலு நாள் காணோம்."

அவர் குனிந்து பார்த்தார். "ஓ, அதுவா. மத்த நாளோட ஒத்துப்போகல. அந்த மாதிரி நாளை எல்லாம் விலகல்னு எடுத்துடுவோம். கணக்கு அழகா வரணும் இல்லையா."

"அன்னிக்கு எங்க அக்கா வீடு முங்கிச்சு மேடம்."

"அதான் சொல்றேன். வழக்கத்துக்கு மாறான நாள்."

எனக்கு வந்த கோபத்தில் கண் இருட்டியது. ஊரே தண்ணீரில் நின்ற நாளை ஒரு ஆள் உட்கார்ந்த இடத்தில் இருந்து அழித்திருக்கிறான். அக்கா துடைத்த சேறுகூட பொய்தான் போலிருக்கிறது. பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்விடலாம் என்று நினைத்தேன். அப்புறம் அந்த "ம்" ஞாபகம் வந்தது. உட்கார்ந்தேன்.

தரவுக் கட்டைத் தள்ளி வைத்தேன். அன்று காலை ஆறு மணிக்குப் பாலத் தூணில் இரண்டு மீட்டர் நாற்பது. எட்டு மணிக்கு இரண்டு மீட்டர் எண்பது. தண்ணீர் கலங்கல். செடிகள் வேரோடு வந்தன. நான்கு மீட்டர் அறுபது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

அன்று பகலே முடிவு சொன்னார்கள். பச்சைக்காரர்கள் எட்டுப் பேரும் இரண்டு மீட்டர் பத்து என்று எழுதியிருந்தார்கள், எட்டுப் பேரும் ஒன்றுபோல. இருபது வருஷத்துச் சராசரி அதுதான். தலைவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. மறதி சாரும் இரண்டு மீட்டர் பத்து என்றே எழுதியிருந்தார். பாவம், கை தானாகக் கூட்டி வகுத்துவிட்டதாம்.

"சொல்லித் தராமலே அதே விடை எப்படி வரும்?" என்றார் தலைவர். "இது கசிவு. உங்க விடையை நீக்குறோம்." என் பக்கம் திரும்பினார். "நீங்க நாலு அறுபதுன்னு எழுதியிருக்கீங்க. ஊரோட ஒத்துப்போகல. இது விலகல். இதையும் நீக்குறோம்."

"அப்ப அவர் எழுதினதை நான் எழுதியிருந்தா?"

"கசிவு."

"நான் எழுதினதை அவர் எழுதியிருந்தா?"

"விலகல். ரெண்டு பேருக்கும் ஒரே நீதிதான், எங்ககிட்ட பாரபட்சமே கிடையாது."

மறதி சார் மாடிக்குப் போய்த் தோட்டக்கலைப் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டார்.

"நாளைக்குப் பன்னிரண்டு மணி வரைக்கும் பொறுத்துப் பாக்கலாமே சார்," என்று கெஞ்சிப் பார்த்தேன். "தரைத்தளத்துல இருக்கிறதை எல்லாம் மேல ஏத்திடுங்க. நான் பாத்துட்டு வந்துதான் சொல்றேன்."

"எட்டுப் பேர் ஒத்துக்கிட்ட பிறகு ஆறு எதுக்கும்மா?" என்றார் அவர்.

மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு நாங்கள் எல்லோரும் முதல் மாடிப் படிக்கட்டில் நின்றோம். கூடத்தில் நாற்காலிகள் மிதந்தன. பித்தளைப் பலகை முங்கிவிட்டது. "இணைந்தோர்" வரிசை தெரிந்தது, "பட்டம் பெற்றோர்" வரிசை தண்ணீருக்குள் சிரித்துக்கொண்டிருந்தது. சோதனை அறைக்கு ஓடி ஜன்னல் வழியே தூணைப் பார்த்தேன். நான்கு மீட்டர் ஐம்பது. பத்து சென்டிமீட்டர் தப்பு. எனக்கே கொஞ்சம் வருத்தம்தான்.

திரும்பி வந்தபோது தலைவர் கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டு, தண்ணீருக்கு மேல் மூன்றாவது படியில் நின்று பேசிக்கொண்டிருந்தார்.

"பயப்பட வேண்டாம். எங்க எட்டு மாணவர்களோட விடை தப்பில்ல. நாள்தான் தப்பு. இந்த மாதிரி நாள் எங்க தரவுல ஒண்ணுகூட இல்ல. அதனால இன்னிக்கு நாளை விலகல்னு நீக்கிட்டோம். நீக்கினதும் குழுவோட துல்லியம் நூறு சதவீதம்."

நாலு பச்சைக்காரர்கள் கை தட்டினார்கள். மீதி நாலு பேர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் படியிலேயே உட்கார்ந்து அழுதேன். சொல்வதற்கு என்ன வெட்கம். சரியாகச் சொல்லியும் விடை இல்லை, விடை இல்லாததால் பட்டம் இல்லை, பட்டம் இல்லாததால் இனி எத்தனை முறை ஆறு ஏறினாலும் யாரு சொல்றது என்றுதான் கேட்பார்கள். அக்கா முகத்தில் எப்படி விழிப்பது.

பட்டியல் மேடம் நனைந்த காகிதங்களைக் கைப்பிடியில் காயப்போட்டுக்கொண்டே வந்தவர் என் பக்கத்தில் நின்றார்.

"எதுக்கு அழறீங்க?"

"பட்டம் போச்சே மேடம்."

"யாரு சொன்னது? பட்டியல்ல உங்க விடை இருந்த கட்டம் காலி. காலிக் கட்டத்தோட பட்டியல் அனுப்பினா மேலிடத்துல ஒத்துக்க மாட்டாங்க. காலிக் கட்டம் இருந்தா அதைச் சராசரியால நிரப்பணும், அதுதான் எங்க வழக்கம். எட்டுப் பேர் பாஸ். எட்டுப் பாஸோட சராசரி என்ன?"

"பாஸ்," என்றேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"அவ்வளவுதான். அவருக்கும் அதே. மூணாவதா ஒரு காலிக் கட்டம் இருக்கு, யாரோ சேர்ந்த அன்னிக்கே ஓடிட்டாராம். அவருக்குத் தபால்ல அனுப்பணும்."

பட்டமளிப்பு விழா முதல் மாடி வராந்தாவில் நடந்தது. கீழே இன்னும் சேறு. "இந்தக் குழுவில இதுவரைக்கும் யாரும் தோத்ததே இல்ல," என்றார் தலைவர், உருக்கமாக. என் சான்றிதழில் "தரம்: சராசரி" என்று பொன் எழுத்தில் போட்டிருந்தார்கள். சுவரில் என் சிரித்த படத்தை மாட்டினார்கள். இரண்டு வருஷத்துக்கு முந்தைய சிரிப்பு, பட்டியல் மேடம் சொன்னது சரிதான், இப்போது எடுத்திருந்தால் வந்திருக்காது. மறதி சார் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இப்ப சராசரின்னா என்னன்னு வெளிய சொல்லலாமா?" என்று கேட்டார்.

"தாராளமா சொல்லுங்க சார்."

"மறந்துடுச்சும்மா," என்றார். வாய்விட்டுச் சிரித்தோம், இரண்டு பேரும், அந்தச் சேற்று வாடையில்.

ஊருக்கு வந்து என் தகரக்கூரை அறையில் உட்கார்ந்தேன். பக்கத்துச் சுவரில் சான்றிதழ். ஏழு மாதம் ஆறு சாதுவாக ஓடியது. எட்டாவது மாதம் ஒரு பகல் பன்னிரண்டு மணிக்குப் படியிறங்கினேன். வேரோடு ஒரு செடி வந்தது. பின்னாலேயே இரண்டு.

தலைமை அலுவலகத்தைக் கூப்பிட்டேன். அதே குரல்.

"கீழ்த்தெருவுக்கு எச்சரிக்கை அனுப்பணும் சார்."

"அதெல்லாம் இப்ப கம்ப்யூட்டரே பாத்துக்குது. புதுசா வாங்கியிருக்கோம். ரெண்டு மீட்டர் பத்துன்னு சொல்லுது."

"அது என்னிக்கும் அதைத்தான் சார் சொல்லும். நான் கையெழுத்துப் போடுறேன், அனுப்புங்க."

"யாரு சொல்றது?"

"பட்டம் வாங்கினவ."

"எந்தக் குழுவில?"

"உங்களுக்கு அந்தக் கம்ப்யூட்டரைச் செஞ்சு குடுத்த குழுவிலதான்."

"அப்படின்னா உங்களுக்கும் ரெண்டு பத்துதானே வரணும்?"

"வரணும் சார். நான் எட்டிப் பாத்துட்டேன்."

அவர் காகிதத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. படிவத்தில் எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று ஒரு கட்டம் இருக்கிறதாம், பார்த்தேன் என்று எழுத அதில் இடமில்லையாம். தரம் என்ன என்று கேட்டார். சராசரி என்றேன். "அப்ப சரி, சராசரின்னு ஒரு கட்டம் இருக்கு," என்று அதில் குறி போட்டார். அரை மணி நேரத்தில் கீழ்த்தெருவில் சங்கு ஊதியது.

சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள். மூச்சு வாங்கினாள்.

"மெஷினை மாடிக்கு ஏத்தியாச்சு. துணி, நோட்டு எல்லாம் ஏத்தியாச்சு. மாமாதான் கடைசியா வீட்டை விட்டு வந்தாரு. தெருவில ஒருத்தர் பாக்கியில்ல."

"நல்லது அக்கா."

"நீதானே சொன்ன?"

"நான்தான்."

"ம்," என்றாள். இது வேறு "ம்". அப்புறம் கேட்டாள்: "ரெண்டு வருஷம் என்னதான் சொல்லித் தந்தாங்க?"

"ஒண்ணுமே தரலக்கா. தினமும் எழுதி வாங்கிட்டாங்க."

அவள் நம்பவில்லை. படித்தவர்கள் இப்படித்தான் தன்னடக்கமாகப் பேசுவார்கள் என்று மாமாவிடம் சொன்னது கேட்டது. மறுநாள் கீழ்த்தெருவில் தண்ணீர் மார்பளவு நின்றது. வீடுகளில் யாரும் இல்லை.

மூன்று வாரம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மேற்படி தேதி மற்ற தேதிகளோடு ஒத்துப்போகாததால் விலகல் நாள் எனப் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டுள்ளது. இல்லாத ஒரு நாளில் எச்சரிக்கை விடுத்தது ஏன் என்பதை ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்கவும்.

மூன்று தரம் படித்தேன். பதில் எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன், என்ன எழுதுவது என்று தெரியவில்லை. பல்கலைக்கழகத்திலிருந்து கொண்டுவந்த பைக்குள் பழைய படிவம் ஒன்று எழுதாமல் கிடந்தது. "இன்று எதையும் கற்கவில்லை என உறுதி கூறுகிறேன்." பெயர் எழுதும் இடத்தில் தலைமை அலுவலகம் என்று எழுதினேன். கையெழுத்து இடத்தைக் காலியாக விட்டு, உறையில் போட்டு அனுப்பிவிட்டேன். வேலை போனாலும் போகட்டும் என்றிருந்தது.

ஐந்தாம் நாள் அது திரும்பி வந்தது. மூன்று அதிகாரிகள் கையெழுத்துப் போட்டு, தேதியிட்டு, முத்திரையும் குத்தியிருந்தார்கள்.